அறுபது கேள்விக்கும் அதே பதில்

மூத்தவளே, சின்னவனே, ஃபெடரல் ஹைவேயில் காரின் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேள்வி கேட்டபடி வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? மூத்தவள் கையில் என் போன், அதில் நான் எடுத்து வைத்திருந்த கேள்வித்தாளின் படம். சின்னவன் எண்ணைச் சொல்வான், மூத்தவள் கேள்வியைப் படிப்பாள், நான் சாலையைப் பார்த்தபடி பதில் சொல்வேன். சுபாங் ஜெயாவைத் தாண்டுவதற்குள் நாற்பது கேள்வி முடிந்துவிட்டது, ஒன்றுகூடத் தப்பவில்லை. நீங்கள் கைதட்டினீர்கள். நான் எதற்காக அப்படி மனப்பாடம் செய்தேன், அன்றைக்கு ப்ரிக்பீல்ட்ஸில் என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை.

கிள்ளானில் நான் வேலை பார்க்கும் கிடங்கில், லோரிகளை எடை போடும் மேடை என் பொறுப்பு. இங்கே எல்லாருக்கும் அது திம்பாங். அந்த வருடம் சூப்பர்வைசர் எடுப்பதற்குக் கம்பெனி ஒரு கேள்வித்தாள் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்கள். கணக்கு, பொது அறிவு எதுவும் அதில் கிடையாது. ஆள் எப்படிப்பட்டவர் என்று கேட்கும் தாள் அது. ‘நான் எளிதில் கோபப்படுவதில்லை’ என்று இருக்கும். ஒன்று போட்டால் கொஞ்சமும் பொருந்தாது, ஐந்து போட்டால் முழுக்கப் பொருந்தும். ஆனால் தாள் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டும்தான் இருந்தது. நான் தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, பிறகு இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் வருடம், அதாவது பாரம் மூன்றோடு நின்றவன். லோரிக்காரர்களிடம் மலாயில் சண்டையே போடுவேன். ஆனால் உன் மனசு எப்படி என்று மலாயில் கேட்டால் விழிப்பேன். என் கூட்டாளிகள் பலரும் அப்படித்தான்.

மனதைப் பற்றிப் படித்த ஒரு பெண் டாக்டர் அந்தத் தாளைத் தமிழில் எழுதியிருந்தார். அது சரியாக வேலை செய்கிறது என்று அவர் நிரூபித்துக் காட்டினால், கம்பெனி தமிழிலும் வைக்கும். இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அதைச் சோதிக்க ஆட்கள் வேண்டும் என்று கேட்டபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஆறு பேரைச் சேர்த்துக்கொண்டு போனேன்.

ஒரே தாளை மூன்று வார இடைவெளியில் இரண்டு தடவை எழுத வேண்டும். ப்ரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்கு மேலே இருந்த சின்ன மண்டபத்தில் முதல் தடவை எழுதினோம். டாக்டர் அன்றைக்குத் தெளிவாகத்தான் சொன்னார், இது எங்களுக்குப் பரீட்சை இல்லை, தாளுக்குத்தான் பரீட்சை என்று. போர்க்லிப்ட் ஓட்டுகிற எங்கள் நண்பர் என் காதில், “அப்ப நாமதான்லா தாள பாஸ் பண்ணி விடணும்,” என்றார். எனக்கும் அது சரி என்று பட்டது. பதில் மாறினால் தாளின் மேல் சந்தேகம் வரும், நம்மால் தமிழுக்குக் கெட்ட பேர் வரக்கூடாது. ஏழு பேரும் தாளைக் கொடுப்பதற்கு முன்னால் போனில் படம் பிடித்துக்கொண்டோம். மூன்று வாரமும் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகினோம். மற்றவர்கள் ரயிலில் வரும்போதும் படித்துக்கொண்டேதான் வந்தார்கள். நான் உங்களை வைத்துப் படித்தேன்.

பதினேழாவது கேள்வி வந்தபோது மூத்தவள் சொன்னாள், “அப்பா, கோபமே வராதுனு அஞ்சு போட்டிருக்கீங்க. பொய்.” நான் ஸ்டீயரிங்கைத் தட்டி, கேள்வியை மட்டும் படி என்று கத்தினேன். பின்னால் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கண்ணாடியில் தெரிந்தது.

அன்று மண்டபத்தில் இரண்டாவது தடவை எழுதியபோது எங்கள் ஏழு பேரைப்போல வேகமாக யாரும் முடிக்கவில்லை. உங்களைக் கீழே கடையில் வடை சாப்பிட விட்டுவிட்டு, மாடிப்படியில் நின்றேன். டாக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தேடி வந்தார்.

“அண்ணே, உங்களையும் சேத்து உங்க ஏழு பேருக்கும் அறுபதுக்கு அறுபது அப்படியே இருக்கு.”

“ஆமா டாக்டர்,” என்றேன். பாராட்டப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

“மனுசன் அப்படி இருக்க மாட்டான் அண்ணே. மூணு வாரத்துல கொஞ்சமாச்சும் ஆடும்.”

படம் பிடித்ததை நான் பெருமையாகவே சொன்னேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவை வந்தவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவில்லையாம். எங்கள் ஏழு தாளையும் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது போதாது. தமிழைக் காப்பாற்றுகிறேன் என்று போய் நானே கவிழ்த்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

பிள்ளைகளே, அந்தப் படியில்தான் என் மண்டையில் ஒரு விளக்கு எரிந்தது. எங்கள் திம்பாங்கைச் சோதிக்க வருடா வருடம் எடைக்கல்லோடு ஆட்கள் வருவார்கள். ஒரே கல்லை ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவார்கள். அந்த நேரம் நான் மிஷினை மூடிவிட்டு நம்பரைக் கையால் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? அதைத்தான் நாங்கள் செய்திருக்கிறோம். இதைச் சொன்னதும் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். ஒரே நம்பரைத் திரும்பக் காட்டுவது ஒன்று, சரியான நம்பரைக் காட்டுவது வேறு, இரண்டையும் சோதிக்க வேண்டும் என்றார். அது எனக்குத் தெரியாதா? ஒரு மழைக்காலத்தில் மேடை மேல் சேறு இறுகிப்போய், வந்த லோரி எல்லாம் நாற்பது கிலோ கூடக் காட்டியது. ஒவ்வொரு தடவையும் அதே நாற்பது. கொஞ்சமும் ஆடவில்லை, ஆனாலும் தப்பு.

“அப்ப இந்தத் தாள்ல சேறு எங்க இருக்குனு பாத்தீங்களா டாக்டர்?” என்று கேட்டேன்.

“அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க சொல்லுங்க.”

நாற்பத்திரண்டாவது கேள்வியைக் காட்டினேன். ‘முடிவெடுக்க எனக்கு யாருடைய துணையும் தேவையில்லை.’ தன்னம்பிக்கையை அளப்பதற்காக வைத்தது என்றார் அவர். ஆனால் நாங்கள் ஏழு பேரும் அதற்கு ஒன்றுதான் போட்டிருந்தோம். கொட்டுகிற மழையில் தனியாளாகக் கன்டெய்னரைக் காலி செய்கிற போர்க்லிப்ட் நண்பரும் ஒன்றுதான். அவரையே படிக்குக் கூப்பிட்டுக் கேட்டோம்.

“வீட்டுல கேக்காம முடிவெடுத்தா அது தைரியம் இல்ல டாக்டர், திமிரு,” என்றார் அவர். “அஞ்சு போட்டுட்டு எம்பொண்டாட்டி முன்னாடி நிக்க முடியுமா?”

டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். பிறகு மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். தேத்தண்ணி வந்தது. ஒவ்வொரு கேள்வியாக எடுத்து, இது உண்மையில் எதைக் கேட்கிறது என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் நான் இப்படிக் கையைத் தூக்கிப் பேசியதில்லை. நீங்கள் என்னைத் தேடி மேலே வந்தபோது என் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது.

எங்கள் தாள்களை அவர் எடுத்து வைத்துவிட்டார். அவை கணக்கில் சேரவில்லை. ஆனால் திருத்திய தாளுக்கு ஆள் சேர்க்கிற வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். சுங்கை பூலோவிலும் செராஸிலும் சொந்தக்காரர்களைத் தேடிப் போனேன். படம் பிடிக்காதீங்க, யோசிக்காம மனசுல பட்டதப் போடுங்க என்று மட்டும் சொன்னேன். சில மாதம் கழித்து டாக்டர் போனில் பேசினார். “ஆடுது அண்ணே. அளவா ஆடுது.” கிடங்கில் தமிழ்த் தாள் வந்தது அப்படித்தான்.

ஒன்று மட்டும் உங்களுக்குத் தெரியாது. ப்ரிக்பீல்ட்ஸ் படியில் உட்கார்ந்து பேசிய அந்த ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய வெற்றுத் தாள் ஒன்றை டாக்டரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தேன். மறுநாள் திம்பாங் அறையில், ஒரு லோரி போய் அடுத்தது வருவதற்குள், போனிலிருந்த படத்தை அழித்தேன். பிறகு முதல் கேள்வியிலிருந்து எழுத ஆரம்பித்தேன். பதினேழில், அந்தக் கோபக் கேள்வியில், பேனா நின்றது. வெளியே ஹாரன் அடித்தது. ஒன்று என்ற எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு, லோரியை மேடை மேல் வரச்சொல்லிக் கை காட்டினேன்.