லட்சம் மைல் ஓடிய லாரி

இன்று பேளுக்குறிச்சியிலிருந்து நாமக்கல்லுக்கு லாரியில் போனேன். லட்சம் மைல் ஓடிய வண்டி. யுத்தத்தால் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபின், பின்னால் பூட்டிய கரி அடுப்பின் புகையில் ஓடுகிறது.

"இன்னிக்கு வரைக்கும் நடுவழியில நின்னதே இல்லீங்க" என்றார் டிரைவர்.

மலைமேலுள்ள அரியூர் நாட்டுப் பெண் ஒருத்தி, காய்ச்சலில் கண் திறக்காத குழந்தையோடு மலையிறங்கி வந்து ஏறியிருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

முதல் மேட்டிலேயே லாரி திணறியது. யாரும் சொல்லாமலே எல்லோரும் குதித்து இறங்கினோம். இந்த லாரியில் அதுதான் வழக்கம். அவளும் எழுந்தாள்.

"நீ உக்காரு கண்ணு. உன்ற பங்கையும் சேத்தி நாங்க தள்ளிக்கறோம்" என்றார் மிளகு மூட்டையோடு வந்தவர்.

தள்ளினோம். இப்படியே மூன்று மேடுகள். டிரைவர் சொன்னது பொய்யில்லை, வண்டி எங்கும் நிற்கவில்லை.

நாமக்கல்லில் டிரைவர் லாரியை நேரே ஆஸ்பத்திரி வாசலுக்கே விட்டார். டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, "சரியான நேரத்தில் கொண்டுவந்தாய், பிழைத்துக்கொள்ளும்" என்றார்.

அவள் வெளியே வந்து லாரியைத் தொட்டுக் கும்பிட்டாள். "ராசியான வண்டிங்க."

நாங்கள் வேட்டியெல்லாம் படிந்திருந்த கரியைத் தட்டிக்கொண்டோம்.

இந்த லாரியில் போயிருக்கும் நண்பர்கள், தாங்கள் தள்ளிய தூரத்தை எனக்கு எழுதவும். லட்சத்தில் லாரியின் பங்கு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஆசை.