பதவி போனவர்களுக்குப் போன தாள்

காரைக்காலில் கொம்யூன் எனப்படும் ஆறு உள்ளாட்சி அமைப்புகளில் ஒன்றில் பிலோமின்ராஜ் என்பவர் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றினார். எந்தக் கொம்யூன் என்பதைக் கோப்புகள் அறியும். இங்கே சொல்ல வேண்டியதில்லை. பிரெஞ்சுக்காரர் இருந்த 1952-இல் மேயரின் கடிதப் பையைச் சுமக்கும் ஏவலராகச் சேர்ந்தார். பள்ளியில் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மீதியைத் தாமே படித்துக்கொண்டார். பிரெஞ்சைப் பழைய ஆணைகளிலிருந்து கற்றார். ஆங்கிலத்தை ஓர் அகராதியிலிருந்து கற்றார். சட்டத்தைத் திட்டு வாங்கிக் கற்றார். பதினெட்டாம் ஆண்டில் செயலரானார். 1974-இல் புதுச் சட்டம் வந்து ஆணையர் என்றொரு பதவி உண்டானபோது அந்த நாற்காலியில் அவரையே அமர்த்தினார்கள். உத்தரவில் மட்டும் 'பொறுப்பு ஆணையர்' என்றிருந்தது. துறைத் தேர்வுகள் நான்கிலும் முதல் முயற்சியிலேயே தேறியிருந்தார். மதிப்பெண் பட்டியல்கள் பத்திரமாக உள்ளன. ஆயினும் அந்தப் 'பொறுப்பு' நீங்கவில்லை.

ஊரில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு தாள். அது பிறந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

அக்காலத்தில் கொம்யூன் மன்றத்தின் தீர்மானங்கள் பாதி பிரெஞ்சிலும் பாதி ஆங்கிலத்திலும் இருக்கும். செயலர் படிப்பார். மேயர் சுப்ராயன், "சரிதானே?" என்பார். மேயரோடு சேர்த்து உறுப்பினர்களின் பன்னிரண்டு கைகள் எழும். 1971 மார்ச் மாதக் கூட்டத்தில் ஏழாவது பொருளுக்கும் அப்படித்தான் எழுந்தன. மறுவாரம் ஆள் வந்து கீழக்குப்பத்துக் கிணற்றின் கப்பியையும் கயிற்றையும் கழற்றிக்கொண்டு போனான். அந்தக் கிணற்றைப் பராமரிப்புப் பட்டியலிலிருந்து நீக்குவதுதான் ஏழாவது பொருள்.

கீழக்குப்பத்துக் கவுன்சிலர் முத்தையன் மீன்பிடிப்பவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். கரையேறிய ஈர வேட்டியோடு நேராக அலுவலகத்துக்கு வந்தார்.

"ஏங்க செக்ரட்டரி, எங்க குப்பத்துக் கெணத்த ஒழிக்கச் சொன்னது யாருங்க?"

பிலோமின்ராஜ் தீர்மானப் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். "நீங்கதாங்க. கை தூக்கியிருக்கீங்க."

"எதுக்குத் தூக்குறேன்னு எனக்கு யாருங்க சொன்னா? கரையில பொம்பளைங்க என்னா பேச்சுப் பேசுறாளுவ தெரியுமா? 'எங்க தொண்டையக் காயப் போடத்தான் ஓட்டு வாங்கிட்டுப் போனியா'ங்குறாளுவ. வூட்டுல சோறு போடல, மூணு நாளாச்சு."

பிலோமின்ராஜ் பதிவேட்டை மூடினார். அந்தத் தீர்மானத்தை மன்றத்தில் படித்தவர் அவரேதான். ஆங்கிலத்தில், ஒரு பிழையும் இல்லாமல், பெருமையாகவே படித்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை முதல் தாள் போயிற்று. முழுத்தாள் ஒரு பக்கம், தமிழில், அவர் கையெழுத்தில். அந்த வாரம் அலுவலகத்துக்கு என்ன வந்தது, அலுவலகத்திலிருந்து என்ன போனது, அடுத்த கூட்டத்தில் எதற்குக் கை தூக்கச் சொல்லுவார்கள், அதனால் எந்தத் தெருவுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருந்தன. கடைசியில் 'அலுவலகம் தவறியவை' என்று ஒரு பகுதி. முதல் தாளில் அந்தப் பகுதியில் ஒரே வரி: 'கீழக்குப்பத்துக் கிணறு பற்றி உறுப்பினருக்குப் புரியும்படி சொல்லாதது செயலரின் தவறு.' அடுத்த கூட்டத்தில் கிணறு பட்டியலுக்குத் திரும்பியது. முத்தையன் வீட்டில் சோறும் திரும்பியது.

பன்னிரண்டு பேருக்கும் ஒரே தாள், ஒரே நாள். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் கிடையாது. கரித்தாள் வைத்து எழுதினால் நான்கு படிகள்தான் தேறும். ஆகவே மூன்று முறை எழுதினார். நான்காவது படி மங்கலாக விழும் என்பதால், இந்த வாரம் மங்கல் யாருக்கு, அடுத்த வாரம் யாருக்கு என்று முறை வைத்து, அதற்கும் ஒரு குறிப்பேடு வைத்திருந்தார். மேயருக்கும் முறை வந்தது.

"ஏம்ப்பா பிலோமின், இது என்னா, பேய் எழுதுன காயிதமா? வெளிச்சத்துல புடிச்சாலும் தெரியல."

"இந்த வாரம் ஒங்க முறைங்க மேயரய்யா."

"மேயருக்கே முறையா?"

"போன வாரம் எதிர்க்கட்சிக்காரருக்குங்க. அவரு ஒண்ணும் சொல்லல."

சுப்ராயன் அலுவலகம் அதிரச் சிரித்தார். அதன் பின் அவர் மங்கலைப் பற்றிப் பேசவில்லை. ஒரு பூதக்கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

ஏழாண்டுகள் இப்படி நடந்தன. 1978-இல் மன்றத்தின் காலம் முடிந்தது. புதுத் தேர்தல் அறிவிக்கப்படவில்லை. மன்றத்தின் அதிகாரம் முழுவதும் ஒரு சிறப்பு அதிகாரியிடம் போனது. பன்னிரண்டு நாற்காலிகளையும் சுவரோரம் அடுக்கிச் சாக்குப் போட்டு மூடினார்கள்.

அந்த வாரச் சனிக்கிழமையும் தாள் போயிற்று.

ஒரு கவுன்சிலர் மகனோடு பாரீசுக்குப் போயிருந்தார். ஒருவர் காலமாகிவிட்டார். அவர் வீட்டுக்குத் தாளை நிறுத்திய வாரமே அவர் மனைவி அஜீசுன்னிசா ஆளனுப்பாமல் தாமே அலுவலக வாசலில் வந்து நின்றார்.

"அவுஹதான் மவுத்தாயிட்டாஹ. வார்டும் மவுத்தாயிடுச்சா? தாளை அனுப்புங்க. தெருவுக்கு நான் படிச்சுச் சொல்றேன்."

ஆக, பதினொரு தாள்கள்.

சிறப்பு அதிகாரி வெளியூர்க்காரர். நேரத்துக்கு வருவார், நேரத்துக்குப் போவார். கெட்டவர் என்று சொல்வதற்கில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் தாள் அவர் கண்ணில் பட்டது.

"மிஸ்டர் பிலோமின்ராஜ், இது யாருக்குப் போகிறது?"

"கவுன்சிலர்களுக்குங்க."

"கவுன்சிலர் என்று இங்கே யாரும் இல்லையே."

"பதவிதாங்க இல்ல. ஆளுங்க இருக்காங்க. அந்த வார்டு சனங்க கடைசியா நம்பி அனுப்புனது இவங்களத்தான். வேற ஆள இன்னும் அனுப்பலீங்களே."

விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது. பிலோமின்ராஜ் மூன்று பத்திகளில் பதிலளித்தார். தாளில் உள்ளவை யாவும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டவையே. தாளும் கரித்தாளும் தம் சொந்தக் காசில் வாங்கியவை. இதைத் தடுக்கும் விதி எது என்று எண்ணுடன் தெரிவித்தால் அக்கணமே நிறுத்துவதாகவும் எழுதியிருந்தார். விதி எண் வரவில்லை. 1979 மே மாதத் தொடக்கத்தில் அதிகாரி அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்களை ஆணையராக உறுதிப்படுத்தும் உத்தரவு மேலிடத்தில் தட்டச்சாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. இரண்டு மாதம் அந்தத் தாளை எழுதாமல் இருங்கள். இதை நான் நண்பனாகச் சொல்கிறேன்."

செய்தி எப்படியோ சுப்ராயனுக்கு எட்டியது. பழைய மேயர் ரிக்‌ஷா பிடித்துக் கோவில்பத்துக்கு, பிலோமின்ராஜின் வீட்டுக்கே வந்தார். பிலோமின்ராஜின் மனைவி லூர்தம்மாள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

"வாணாம்ப்பா. எங்களுக்கு இனிமே என்னா இருக்கு? நாங்க செல்லாக்காசு. ரெண்டு மாசம் பேசாம இரு. ஆர்டர் வரட்டும். அப்புறம் எழுது, யாரு வாணாங்குறா?"

பிலோமின்ராஜ் காப்பியை அவர் பக்கம் நகர்த்தினார். சுப்ராயன் கதவுப் பக்கம் திரும்பினார். "நீயாச்சும் சொல்லும்மா."

"நான் என்னாத்தச் சொல்றதுங்க," என்றார் லூர்தம்மாள். "ஒரு சனிக்கெழம காச்சல்ல படுத்திருந்தாங்க. எழுத முடியல. அன்னிக்கி இந்த மனுசன் பாத்த பார்வ, கோழி திருடுனவன் பார்வ. ரெண்டு மாசம் அந்த மூஞ்சியோட யாரு குடும்பம் நடத்துறது?"

சுப்ராயன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். உண்மையில் பிலோமின்ராஜ் அப்போது எந்த முடிவுக்கும் வந்திருக்கவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் நடந்து வந்த வழி, இன்னும் ஒரே அடி என்ற இடத்தில் நின்றது. மே 12-ஆம் தேதி அவர் தாள் எழுதவில்லை. எட்டாண்டுகளில் காய்ச்சல் வந்த வாரம் தவிர எழுதாத சனிக்கிழமை அது ஒன்றுதான். இதை மறைப்பதற்கில்லை.

மே 18, வெள்ளிக்கிழமை, அரசிதழ் வந்தது. உள்பக்கத்தில் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், ஓர் அறிவிப்பு. கீழக்குப்பத்துக் கடலோரம் கொம்யூனுக்குச் சொந்தமான திடல், விருந்தினர் மாளிகை கட்டுவதற்காக ஒரு துறைக்கு மாற்றப்படவிருக்கிறது. ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். அவற்றில் நான்கு நாட்கள் முன்பே கழிந்திருந்தன. அந்தத் திடலில்தான் குப்பம் முழுவதும் கருவாடு காயப்போட்டது. சர்வே எண்ணைத் தவிர வேறு அடையாளம் அறிவிப்பில் இல்லை. அந்த எண் எந்த இடம் என்று அந்தக் கொம்யூனில் பார்த்தவுடன் சொல்லக் கூடியவர் ஒருவரே.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் எழுத உட்கார்ந்தார். பதினொரு தாள்கள். 'அலுவலகம் தவறியவை' என்ற பகுதியில், சென்ற வாரம் தாள் வராததற்குக் காரணம் எழுதியவரின் தன்னலம் என்று எழுதினார். அதை அடிக்கவும் இல்லை, மழுப்பவும் இல்லை. பத்துத் தாள்களை ஆள் வசம் அனுப்பிவிட்டு, பதினொன்றாவதைத் தாமே எடுத்துக்கொண்டு சைக்கிளில் கீழக்குப்பம் போனார். கட்டுமரங்கள் கரையேறும் பகல் நேரம் அது.

முத்தையன் வலையை உதறிக்கொண்டே கேட்டார். "இன்னொருதரம் படிங்க."

படித்தார்.

"பதினஞ்சு நாளுல எத்தினி போச்சு?"

"அஞ்சு."

"எழுத்துலதான் குடுக்கணுமா? வாயால சொன்னா ஏத்துக்கமாட்டாங்களா?"

"எழுத்துலதாங்க."

"சரி." முத்தையன் வலையைக் கீழே போட்டார். மணலில் நின்று, ஒரு சொல் பிசகாமல், தாள் முழுவதையும் குப்பத்துக்கு உரக்க ஒப்பித்தார். எழுதியவரின் தன்னலம் என்ற வரியையும் விடவில்லை. மீன் கூடையோடு நின்ற ஒரு பெண் கேட்டாள்: "தன்னலம்னா என்னாங்க?"

"ஆப்பீசரு ஒரு வாரம் பயந்துட்டாராம்," என்றார் முத்தையன். "இப்பத் தெளிஞ்சுட்டாராம்."

பத்து நாட்களில் நூற்று நாற்பத்து மூன்று ஆட்சேபங்கள் சேர்ந்தன. அஜீசுன்னிசா மட்டும் முப்பத்தொன்று எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பழைய கவுன்சிலர்கள் சர்வே எண்ணோடும் தேதியோடும் பேசியதைக் கேட்டு வியந்தார். விருந்தினர் மாளிகை வேறு இடம் தேடிப் போயிற்று. திடலில் கருவாடு காய்ந்தது.

பிலோமின்ராஜுக்கும் உத்தரவு வந்தது. அரசிதழில் அச்சான செய்தியைச் சொன்னதற்குக் குற்றம் சாட்ட எவராலும் முடியவில்லை. ஆகவே 'நிர்வாக நலன் கருதி' என்ற மூன்று சொற்களில், காரைக்கால் நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவறைக்கு மாற்றினார்கள். அவரினும் ஏழாண்டு இளையவர் ஒருவர் ஆணையரானார்; 'பொறுப்பு' இல்லாமல், முதல் நாளிலேயே.

பொறுப்பை ஒப்படைக்க வேண்டிய நாள் 1979 ஜூன் 30. சனிக்கிழமை. பிற்பகல் மூன்று மணிக்குச் சாவிகளையும் பதிவேடுகளையும் பட்டியலோடு மேசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சுப்ராயன் முன்னால், பின்னால் முத்தையனும் மற்ற எட்டுப் பேரும், கடைசியில் அஜீசுன்னிசா. சாக்கை விலக்கி, நாற்காலிகளை எடுத்துப் போட்டு, பழைய வரிசைப்படியே உட்கார்ந்தார்கள்.

"தீர்மானம் கொண்டாந்திருக்கோம்," என்றார் சுப்ராயன். "ஏகமனதா நெறவேத்தியாச்சு. பதிவேட்டுல ஏத்து."

பிலோமின்ராஜ் எழுந்து நின்றார். "ஏத்த முடியாதுங்க மேயரய்யா. மன்றமே இல்ல. இல்லாத மன்றம் தீர்மானம் போட முடியாதுங்க."

"போற நாள்லயும் சட்டம் பேசுறியா நீ!"

"போற நாள்ல பேசலன்னா, இருந்த நாள்ல பேசுனதுக்கு என்னாங்க மதிப்பு?"

முத்தையன் தொடையில் தட்டிச் சிரித்தார். "அப்ப இத என்னான்னு குடுக்குறதுங்க? அதையும் நீங்களே சொல்லுங்க."

"மனுவாக் குடுக்கலாம். பொதுமக்கள் யாரும் குடுக்கலாம். வாங்கியே ஆவணும்."

சுப்ராயன் பேனாவை வாங்கி, 'தீர்மானம்' என்ற தலைப்பை அடித்து 'மனு' என்று எழுதினார். பத்துப் பேர் மறுபடி ஒப்பமிட, முத்தையன் கைநாட்டு வைத்தார். பிலோமின்ராஜ் மனுவை வாங்கிப் படித்தார். இந்தக் கொம்யூனில் எது நடந்தாலும் தங்களுக்கு ஒளிவின்றித் தெரிவிக்கப்பட்டது என்றும், அது இனியும் தொடர வேண்டும் என்றும், அவ்வாறு தெரிவித்தவர் 'எங்கள் ஆணையர் திரு. பிலோமின்ராஜ்' என்றும் எழுதியிருந்தது.

அவர் பேனாவை எடுத்தார். "ஒரு பிழை இருக்குங்க. பொறுப்பு ஆணையர்னு இருக்கணும். திருத்திடறேன்."

"கைய எடு," என்றார் சுப்ராயன். "மனு ஒங்கிட்ட வந்துடுச்சா இல்லியா?"

"வந்துடுச்சுங்க."

"குடுத்த மனுவுல ஆப்பீசரு ஒரு எழுத்தத் தொடலாமா?"

பிலோமின்ராஜ் பேனாவைக் கீழே வைத்தார். "தொடக் கூடாதுங்க," என்றார்.

"அப்ப முத்திரையப் போடு. ரசீதும் குடு."

அவர் முத்திரையிட்டார். வரவுப் பதிவேட்டில் ஏற்றினார். சுருக்கம் எழுதும் கட்டத்தில், மனுவில் உள்ள சொற்களை உள்ளபடியே எழுத வேண்டும் என்ற விதிப்படி, 'ஆணையர்' என்றே எழுதினார். பதினொரு ரசீதுகளுக்கும் ஒப்பமிட்டு ஒவ்வொருவரிடமும் எழுந்து சென்று கொடுத்தார்.

அதன் பின் ஏழாண்டுகள் பிறப்பையும் இறப்பையும் பிழையின்றிப் பதிந்து, 1986-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு உத்தரவில் அவர் பதவி வேறு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவரை ஆணையர் என்று சொல்லும் மேற்படி மனுவின் வரவு எண் 1179/79. மூலம் அலுவலகத்தில் இருக்க வேண்டும். சான்றொப்பமிட்ட நகல் இருக்கிறது.