இலை காட்டியதைக் கீறியவர்

சீனித்தம்பி அண்ணன் போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, நான் மோர்டென்ஸ்ருட் நிலையத்தில் ரயிலை விட்டு இறங்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போக மனம் வராமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்கப் பல வருடங்களாக நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அவரை அறிந்த உங்களுக்கு ஹவுகன்ஸ்டுவாவில் அவர் வீட்டு முன் நின்ற வெள்ளைப் பட்டைப் பேர்ச் மரம் நினைவிருக்கும். இலை கிள்ளுமுன் அதனிடம் அனுமதி கேட்பார். யாழ்ப்பாணத்தாராகிய நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். மட்டக்களப்பில் அம்மன் கோயில் பூசை செய்த கட்டாடியாரின் மகன் அவர். சடங்கில் தெய்வம் ஏறியவர்கள் கமுகம்பாளையும் வேப்பிலையுமாக ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர். இங்கே நோர்வேயில், ஹோட்டலில் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, இலையை உள்ளங்கையில் வைத்துக் கண்மூடி இருப்பார். பிறகு படம் கீறுவார்: பாளை வெடித்து இறங்கும் பெண்கள், நரம்புதோறும் கண் திறந்த இலைகள்.

இந்த நூற்றாண்டு பிறந்த புதிதில், நகரத்துச் சிறிய ஓவியக்கூடம் ஒன்று அவருடைய படங்களை வைத்தது. மொழிபெயர்க்க நான் போனேன். இவை எங்கிருந்து வருகின்றன என்று கூடத்தை நடத்திய பெண்மணி கேட்டார்.

"நான் நினைச்சிக் கீறல்ல தம்பி. இலைக்கிட்ட கேப்பன். அது காட்டுறதத்தான் கீறுறன்" என்றார் அண்ணன்.

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பது என் தொழில். இப்படிச் சொல்பவர்களைப் பற்றிக் கோப்பில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். பைத்தியம் என்பார்கள், போதை என்பார்கள், எங்கள் சனத்துக்கே வெட்கம் என்று பயந்தேன். "எல்லாம் அவருடைய கற்பனை" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னேன். அதையே அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள்.

நெடுநாள் கழித்து மகள் அந்தத் தாளை அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் என்னைத் திட்டவில்லை. "நீ என்னைக் காப்பாத்தத்தான் பாத்தாய் தம்பி. ஆனா மரத்துக்கு முன்னால நான் பொய்க்காரனாப் போயிற்றன்" என்றார். அதன்பின் கண்காட்சியே வைக்கவில்லை. மறுபடி வைக்கலாமா என்று நான் கேட்கும்போதெல்லாம், இலையிடம் கேட்டதாகவும் அது என்னோடு போக வேண்டாம் என்றதாகவும் சொல்லிச் சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

இறுதிச் சடங்குக்கு அந்த ஓவியக்கூடப் பெண்மணியும் வந்திருந்தார். என் கையைப் பற்றி, எவ்வளவு பெரிய கற்பனை அந்த மனிதருக்கு என்றார். இல்லை என்றேன். அண்ணன் சொன்னதை அன்றுதான் ஒரு சொல்லும் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

பெண்மணி சவப்பெட்டியின் பக்கம் திரும்பினார். பிறகு, "இதை ஏன் அன்று சொல்லவில்லை? அதைத் தெரிந்துகொள்ளத்தானே நான் கேட்டேன்" என்றார்.

அண்ணன் தந்த படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. அதன் கீழே அந்தப் பெண்மணியின் கேள்வியையும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.