முறைக்கிற நடிகர்களுக்குப் பிரேம் போட்டவன்

பிரேம் கடைக்கு வருகிற எங்கள் சனத்தில் ஒரு பகுதி பட்டமளிப்புப் படத்தோடு வரும், மறு பகுதி செத்தவருடைய படத்தோடு வரும்; இரண்டு பகுதிக்கும் சனிக்கிழமைக்குள் வேண்டும். புலம்பெயர்ந்து வந்த இந்தக் குளிர் நாட்டில், மில்லிக்கன் என்கிற இடத்தில் ஒரு பிளாசா மூலையில் பன்னிரண்டு வருடமாகக் கண்ணாடி துடைத்து, படத்துக்கும் பிரேமுக்கும் இடையில் வருகிற மட்டையை வெட்டிக்கொண்டிருக்கிறேன். மேசைக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்குத் தெரியும், வருகிறவர் முகத்தைப் பார்த்தே கதை என்னவென்று சொல்லிவிடலாம். குலசிங்கம் அண்ணையிடம் மட்டும் எனக்கு அது பலிக்கவில்லை.

முதல் முகம்

அவர் ரூஜ் என்கிற பக்கத்து இடத்தில் இருந்து வருவார். பஸ் ஓட்டிப் பென்சன் எடுத்தவர். முதல் நாள் கொண்டுவந்த பொதிக்குள், ஜப்பான்காரர் மரப்பலகையில் செதுக்கி அச்சடித்த பழைய படம் ஒன்று இருந்தது. கபுகி என்கிற அவர்களுடைய நாடகத்தில் நடித்த ஒருவரின் முகம். வாய் கோணி, ஒரு கண் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. நாடகம் உச்சத்துக்கு வரும்போது நடிகர் அப்படியே முறைத்தபடி அசையாமல் நிற்பாராம். அதைக் கீறி அச்சடித்து விற்க, சனம் தனக்குப் பிடித்த நடிகரை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுமாம்.

பேரப்பிள்ளைகள் வந்துபோகிற வீட்டுச் சுவரில் இதையா கொழுவப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் படத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

“தம்பி, பஸ் கண்ணாடியில முப்பது வருசமாப் பாத்த முகமெல்லாம் உப்பிடித்தான். இவர் ஒருத்தர்தான் முறைக்கிறதுக்குச் சம்பளம் வாங்கினவர்.”

அறைக்குள் ஒருத்தி

அடுத்த படத்தோடு அவருடைய மனைவியும் வந்தார்; நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். படத்தில், பனிக்குள் குடை பிடித்துக்கொண்டு நிற்கிற அழகான பெண். படுக்கையறைச் சுவருக்கு என்று அண்ணை சொன்னதும் அக்காவின் முகம் இறுகிவிட்டது. குடும்பத்தில் சமாதானம் செய்கிற நினைப்பில் நான் வாயைத் திறந்தேன். இது பெண்ணே இல்லை அக்கா, அந்த நாடகத்தில் பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுவார்களாம், அண்ணைதான் சொன்னவர் என்றேன். அண்ணை கூரையைப் பார்த்தார்.

“ஆம்பிளையே? அப்ப இன்னும் மோசம். ஹோலில கொழுவச் சொல்லுங்கோ, கட்டிலில கிடந்துகொண்டு உந்தாளை நான் பாக்கேலாது.”

அரை விரல்

இதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அரங்கேற்றப் படமோ கல்யாணப் படமோ, பிரேமுக்குள் அடங்காவிட்டால் ஓரத்தை வெட்டி அடக்குவது என் பழக்கம். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அண்ணையின் மூன்றாவது படம் தயாராக இருந்த பிரேமைவிட அரை விரல் பெரிது. அடிமட்டத்தை வைத்துக் கத்தியால் ஒரே இழுவை. ஓரத்தில் இருந்த சின்ன முத்திரையும் ஓவியருடைய கையெழுத்தில் பாதியும் குப்பைவாளிக்குள் போய்விட்டன. ஜப்பானில் நெருப்புக்கும் பூகம்பத்துக்கும் தப்பி வந்த காகிதத்துக்கு மில்லிக்கனில் என் கையால்தான் கண்டம் இருந்திருக்கிறது.

அவர் வந்து கண்ணாடிக்கு மேலால் விரலை வைத்து முத்திரையைத் தேடினார். நான் வாளிக்குள் கையை விட்டு அந்தத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். காசு தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். துண்டைச் சேர்ட் பொக்கற்றுக்குள் பத்திரமாக வைத்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“பிரேமுக்காகப் படத்தை வெட்டாதேங்கோ தம்பி. ஆருடைய படமெண்டாலும்.”

நீல உடுப்பு

அதற்கடுத்த குளிருக்கு அவர் வந்தபோது அவருடைய கோட் வேறு யாருடையதோ போலத் தொங்கியது. கான்சர். இன்ன அளவில் பிரேம் வேண்டும் என்று சொல்கிற அதே குரலில் அதையும் சொன்னார். கொண்டுவந்த படத்தில் நடிகர் முறைக்கவில்லை. வெளிர்நீல உடுப்பு, கையில் செபமாலை. பேர்போன நடிகர் செத்தால் சில நாளுக்குள்ளேயே இப்படி ஒரு படம் அச்சடித்து விற்பார்களாம். செத்த நாளும் வயதும் பக்கத்தில் இருக்குமாம். அவசரத்தில் அவையே பிழையாகவும் வந்துவிடுமாம். எங்கள் மரண அறிவித்தல் மாதிரித்தான் என்றேன். சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

பிறகு மெல்லத் தன் பயத்தைச் சொன்னார். சாவுக்குப் பயமில்லையாம். ஆயுள் முழுக்கக் கமராவைக் கண்டால் விலகிப் போன மனுசனுக்குப் பிள்ளைகள் எந்தப் படத்தை வைத்து மாலை போடப் போகிறார்கள் என்பதுதான் கவலையாம்.

“லைசன்ஸ் படத்தைக் கொண்டுவந்தால் பிரேம் போடமாட்டன் எண்டு சொல்லிவிடுங்கோ. அதில நான் உண்மையா முறைக்கிறன்.”

அகலமான பக்கம்

மாசியில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் படம் வேண்டும் என்று அக்கா வந்தார். ஸ்ரௌவ்வில்லில் இருக்கிற மகன் கூட்டிவந்துவிட்டுக் காருக்குள்ளேயே இருந்தான். வீடு முழுக்கத் தேடியதில் அண்ணை சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான் கிடைத்ததாம். யாரோ உறவினர் கல்யாணத்தில் எடுத்தது. அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கிறார். மாலை போடுகிற படத்தில் உயிரோடு இருக்கிற பெண்சாதி நிற்கக்கூடாது, தன்னை வெட்டிவிடச் சொன்னார்.

இப்படி எத்தனை மனைவிமாரை, எத்தனை கல்யாணக் கேக்கை வெட்டி எறிந்திருப்பேன். அன்றைக்குக் கத்தியை எடுத்தேன், கை போகவில்லை. கீழே வைத்துவிட்டு வெளிர்நீல மட்டை ஒன்றில் அண்ணை மட்டும் தெரிகிற அளவுக்கு இடம் வெட்டி, அதைப் படத்துக்கு மேலே வைத்தேன். அக்கா நின்ற பக்கம் மட்டை அகலமாகிவிட்டது. அண்ணை அந்த நீலத்தில் சாய்ந்துகொண்டு சிரித்தார்.

ஒரு பக்கம் ஏன் இவ்வளவு அகலம் என்று அக்கா கேட்டார். படத்தை வெட்டவில்லை, நீங்கள் இதுக்குப் பின்னால் முழுதாக நிற்கிறீர்கள் என்றேன். ஏசப்போகிறார் என்று பயமாக இருந்தது. அவர் அந்த அகலமான பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே நின்றார். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி ஒன்றை எடுத்துத் திரும்பவும் துடைத்தேன்.

“நல்லதாப் போச்சு. நான் போனாப் பிறகு உந்த மட்டையை மட்டும் எடுத்துவிடுங்கோ தம்பி, புதுப் பிரேம் வேண்டாம்.”

பன்னிரண்டு வருடத்தில் சனிக்கிழமைக்குள் வேண்டும் என்று கேட்காத ஒரேயொரு ஓடர் அதுதான், அது எவ்வளவு பிந்துமோ அவ்வளவு நல்லது என்று கடைக்காரனே வேண்டிக்கொண்டிருக்கிறேன்.