கத்தச் சொன்னார்கள்

பாளையங்கோட்டை மைதானத்தில் என் மகளின் உயரம் தாண்டுதல் பயிற்சியாளர் விசிலடித்து, பெற்றோரை வரிசையாக நிறுத்தினார். "பிள்ளைங்க ஓடி வரும்போது 'விழுந்துருவ, விழுந்துருவ'ன்னு கத்துங்க. போட்டியில பதறாம இருக்கதுக்கு மனப்பயிற்சி."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விக்கிரமசிங்கபுரம் பள்ளியில் நான் உயரம் தாண்டிய காலத்தில், எங்கள் பி.டி. சாருக்கும் இதே பைத்தியம்தான். ஒரு சாயங்காலம் மில் ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு அப்பா சைக்கிளில் வந்தார். அவரையும் கத்தச் சொன்னார் சார். 'சார்' என்று தான் கூப்பிடுகிற யார் பேச்சையும் தட்டாத மனுஷர் அப்பா. ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே கத்தினார். "ஏளா, உன்னால முடியாது! விழுந்துருவ!"

போட்டியன்று ஊரே கைதட்டியது. என் காதில் அப்பாவின் குரல் மட்டும்தான் கேட்டது. கம்பிக்கு முன்னால் நின்றுவிட்டேன். அப்புறம் தாண்டவே இல்லை.

"சாரு சொன்னாரேன்னுதாம்மா கத்துனேன்" என்று சாகும்வரை சொன்னார். சார் மேல் மட்டும் கோபம் என்றால் எப்போதோ ஆறியிருக்கும். அப்பா மேல் வந்த கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

"அம்மா, நீங்க கத்தலியா?" என்றார் பயிற்சியாளர். ஓடத் தயாராக நின்ற மகள் என்னையே பார்த்தாள்.

"கத்துதேன். மொதல்ல நீரு தாண்டும்" என்றேன்.