பச்சை விளக்குக்கு ஒரு சாக்ஸ்

ஜோதிமணியின் உடம்பில் கரண்டே ஓடவில்லையாம். கம்பெனி வாசலில் இருக்கும் மெஷின் அவளைக் கண்டாலே சிவப்பு விளக்கு போடுகிறதாம். பேரிகைச் சந்தையில் யாரோ பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, பார்வதி சித்தி மஸ்கட்டில் இருக்கும் எனக்குப் போன் போட்டாள். "ரத்தம் சுண்டிப்போச்சுன்னு சொல்றாங்கோ. உன் தங்கச்சிய ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு." அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜோதிமணியிடமே கேட்டேன். சிரித்தாள். "மெஷினுக்கு எம்மேல கோவம் இல்லக்கா. என் சாக்ஸ் மேலதான்."

பாகலூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய், எலெக்ட்ரானிக்ஸ் லைனில் ஷிஃப்ட் முழுக்க நின்றபடி வேலை செய்பவள் அவள். அதற்கு முன் ரோஜாப் பண்ணையில் பூ வெட்டினாள். முள் கிழித்த கையோடு, "இனிமே கூரை போட்ட எடத்துலதான் வேலை" என்று கிளம்பியவள். அவள் பொருத்தும் சில்லுகள், நம் உடம்பில் சேரும் துளி மின்சாரம் பட்டாலே பாழாகிவிடும். அந்த மின்சாரம் கால் வழியாகத் தரையில் இறங்கவேண்டும். அதனால் உள்ளே போகிறவர்கள் எல்லோரும் போனை லாக்கரில் வைத்துவிட்டு, கம்பெனி ஷூவை மாட்டிக்கொண்டு, ஒரு தகட்டின் மேல் நின்று பொத்தானை அழுத்தவேண்டும். மின்சாரம் இறங்கினால் பச்சை, கதவு திறக்கும். நடுவில் ஏதாவது தடுத்தால் சிவப்பு.

பஸ் ஸ்டாண்டில் வாங்கிய நைலான் சாக்ஸ் குதிகாலைக் கடித்துக் கொப்புளமாக்கியது, சிவப்பும் எரிந்தது. பதறிப்போய் நான் இங்கிருந்து பஞ்சுபோலத் தடித்த சாக்ஸ் வாங்கி அனுப்பினேன். காலுக்குச் சுகம்தான், ஆனால் மெஷின் அசையவே இல்லை. அதை இப்போது அம்மா பவளம் மாடு கறக்கப் போகும்போது போட்டுக்கொள்கிறாள். கூட வேலை செய்யும் பெண்கள் வேறு வழி சொன்னார்கள். சாக்ஸைக் குழாயில் நனைத்துப் பிழிந்து போட்டால் உடனே பச்சை. ஜோதிமணியும் ஒரு வாரம் அப்படிச் செய்தாள். விரலிடுக்கெல்லாம் வெளுத்துப் புண்ணானது.

"பூ வெட்டவே போயிடு. ரோஜாச் செடி உன்ன நிக்கவெச்சு சிவப்பா பச்சையான்னு கேக்காது" என்றாள் அம்மா.

"காலுக்கு ஏத்த சாக்ஸ் கெடைக்கலன்னு ஒருத்தி வேலைய விடுவாளா?"

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்குப் போய், தஸ்தகீர் பாயின் தள்ளுவண்டி முன்னால் நின்றாள். ஒவ்வொரு சாக்ஸாக உள்பக்கம் திருப்பினாள். விரல் முனையில் தையல் தடிப்பாக இருக்கிறதா என்று தடவினாள், கன்னத்தில் வைத்துப் பார்த்தாள், வாயால் ஊதிக் காற்று வெளியே வருகிறதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வண்டி முழுக்கக் கலைந்துபோனது.

"ஏம்மா, சாக்ஸ் வாங்குறியா, மாப்பிள்ள பாக்குறியா?"

"மாப்பிள்ளன்னா சண்ட போட்டுக்கலாம் பாய். இது கால்லயே கெடக்கும்."

பாய் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியிலிருந்து ஒரு சாக்ஸ் கட்டை எடுத்துப் போட்டார். சுத்தப் பருத்தி, மெல்லிசு, விரல்பக்கம் தையல் நெருடவில்லை, கணுக்காலில் ரப்பர் இறுக்கவில்லை. நிறம்தான் மஞ்சள். "யாரும் வாங்க மாட்டேங்குறாங்க" என்றார். அவள் வாங்கினாள்.

திங்கட்கிழமை காலை அதைப் போட்டுக்கொண்டு தகட்டில் ஏறினாள். சிவப்பு. இறங்கி ஏறினாள், மறுபடியும் சிவப்பு. வெகுநேரம் நின்ற பிறகுதான் பச்சை வந்தது. அதற்குள் லைன் ஓடத் தொடங்கியிருந்தது. சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்: பயிற்சி முடிகிற மாதம், இன்னொரு நாள் வாசலில் நின்றால் அப்படியே வீட்டுக்குப் போய்விடலாம்.

அன்று சாயங்காலம் எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். ஜோதிமணி ஷூவைக் கழற்றாமல் மெஷினிடம் வந்தாள். காவலுக்கு இருந்த திம்மராயன், "ஏனம்மா, மனேகே ஹோகல்வா?" என்று கேட்டார், வீட்டுக்குப் போகவில்லையா என்று.

"ஒந்து நிமிஷ அண்ணா" என்று கன்னடத்திலேயே சொல்லிவிட்டுத் தகட்டில் ஏறினாள். சட்டென்று பச்சை. இறங்கி ஏறினாள், பச்சைதான்.

"காலைல மூஞ்சி காட்டுது, சாயங்காலம் சிரிக்குது. இது மெஷினா, என் மாமியாரா?" என்றார் திம்மராயன்.

அதே கால், அதே மஞ்சள் சாக்ஸ். பஸ் வரும்வரை யோசித்தாள். மார்கழிப் பனியில் செருப்போடு வந்து, லாக்கர் அறையில்தான் சாக்ஸ் போடுகிறாள். அந்த நேரத்தில் கால் காய்ந்த விறகுபோல இருக்கிறது. நாளெல்லாம் ஷூவுக்குள் இருந்த கால் கதகதப்பாக, லேசாக வியர்த்திருக்கிறது. குழாய்த் தண்ணீர் செய்கிற வேலையை அந்த வியர்வையே செய்துவிடும். கால்களை வீட்டிலேயே தயார்செய்து கொண்டுபோகவேண்டும், அவ்வளவுதான்.

இதை என்னிடம் அன்றே சொன்னாள். "அது பொய்யாப் போனா என்னடி பண்ணுவே? ரெண்டு நாள் லீவு போட்டு யோசியேன்" என்றேன்.

"லீவு போட்டா காலு சூடாயிடுமாக்கா?"

இன்று காலை வீட்டிலேயே மஞ்சள் சாக்ஸைப் போட்டு, பழைய கேன்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, பஸ் நிற்கும் இடம்வரை வேகமாக நடந்திருக்கிறாள். சுடிதாருக்குக் கீழே ஷூவைப் பார்த்து, "மிலிட்டரிக்கா போறே?" என்று ஒருத்தி கேட்டாளாம்.

"ஆமா. கர்நாடகா பார்டர்லதானே இருக்கோம்."

பஸ்ஸிலிருந்து எனக்குக் குரல் செய்தி வந்தது. பின்னால் பஸ் இரைகிறது, யாரோ சிரிக்கிறார்கள். "அக்கா, காலு கதகதன்னு இருக்கு. நீ பயந்துகினு கூப்பிட்டுகினே இருக்காத. திருப்பி அனுப்பிட்டாங்கன்னா போன் என் கையில இருக்கும், நானே எடுப்பேன். எடுக்கலன்னா உள்ள நிக்கிறேன்னு வெச்சுக்கோ."

கூப்பிடாமல் இருக்க என்னால் முடியவில்லை. அங்கே ஷிஃப்ட் தொடங்கியிருக்கும். எண்ணை அழுத்திவிட்டுக் காதில் வைத்துக்கொண்டேன். என் வாழ்நாளில் முதல்முறையாக, ஒரு போனை யாரும் எடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்கிறேன்.

ரிங் போகிறது. ஒரு லாக்கரின் இருட்டில், பழைய கேன்வாஸ் ஷூவின் பக்கத்தில் அது அடித்துக்கொண்டிருக்கவேண்டும். எடுக்காதே ஜோதி. இன்னும் அடிக்கிறது.