எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்க மூச்சு தந்தவர்

1996 ஆடி மாதத்தில் ஒரு காலை. போத்தனூரிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் சைக்கிளை ஒரு வேப்பமரத்தில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. அவ்வளவு காற்று இருந்தும் ஒரு வாய்கூட எனக்குள் போகவில்லை. ஜெபிக்கக்கூட மூச்சு இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் மணியடித்துச் சிரித்துக்கொண்டே என்னைத் தாண்டி மிதித்துப் போனார்கள். அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அது போதும் ஆண்டவரே, அது மட்டும் போதும் என்று மனதுக்குள் சொன்னேன்.

என் இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குப் போய்ச் சேராது. பிறவியிலேயே அப்படி. முந்தின வருடம் அடிக்கடி மயங்கி விழுந்ததால், இதயத்தைத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் கருவியை இடது தோளுக்குக் கீழே வைத்தார்கள். உடம்பு அசைந்தால் அதை உணர்ந்து தானாகவே துடிப்பைக் கூட்டும் வகை. நம் சபையார் எனக்காக உபவாசம் இருந்ததையும், பிழைத்து வந்தபோது என்னோடு சேர்ந்து ஸ்தோத்திரம் செலுத்தியதையும் நான் மறக்கவில்லை. மயக்கம் அதன்பின் வரவே இல்லை. ஆனால் மூச்சுத் திணறல் வந்தது.

நான் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். மில்களில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுதுபார்க்கும் சிறிய கம்பெனியில் வேலை. கருவிப் பையைக் கேரியரில் கட்டிக்கொண்டு மில் மில்லாகப் போகவேண்டும். அந்தச் சுற்றுதான் எனக்கு உயிர். மூன்று மில்லுக்குப் போகவேண்டிய நாளில் ஒன்றோடு திரும்பி வர ஆரம்பித்ததும் முதலாளி கூப்பிட்டார்.

“ஏனுங்க அம்மணி, உங்க சாமி பேட்டரி போட்டுக் குடுத்தாரு சரி. சைக்கிளுக்கு மோட்டாரும் சேத்திக் கேட்டிருக்கலாமில்லீங்க?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, “ஆவணி பொறந்ததும் நீங்க ஆபீசுலயே உக்காந்துக்குங்க. வெளிய வேற பையனைப் போட்டுக்கறேன். உங்க நல்லதுக்குத்தானுங்க” என்றார். நல்ல மனிதர். அதனால்தான் அது இன்னும் வலித்தது.

பழுது பார்ப்பவள் செய்வதைப்போல் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தேன். ரத்தத்தில் குறை இல்லை. நெஞ்சு எக்ஸ்ரேயில் எதுவும் இல்லை. பேட்டரி புதியது. பேஸ்மேக்கரிலிருந்து இதயத்துக்குப் போகும் வயர் தன் இடத்தில் இருந்தது. கடைசியில் மிஞ்சியது பயம் ஒன்றுதான். பார்த்தவர்களும் அதையே சொன்னார்கள். எனக்கு விசுவாசம் குறைவோ என்றுகூட அழுதிருக்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. ஆனால் நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். எப்படி இருக்கிறீர்கள் என்று யார் கேட்டாலும் நல்லா இருக்கிறோம் என்றுதான் வாயில் வரும். டாக்டர் கேட்டதும் அம்மா எழுந்து நின்று கைகூப்பிவிடுவார்.

“நல்லா இருக்கறாளுங்க டாக்டர். ஆண்டவர் கிருபை, உங்க கைராசி. ஒரு கொறையும் இல்லீங்க.”

உயிரைக் காப்பாற்றியவரிடம் போய்க் குறை சொல்வதா என்பது அம்மாவின் எண்ணம். நானும் இழுத்து இழுத்து, சில சமயம் மூச்சு வாங்குவதாக மட்டும் சொல்வேன். டாக்டர் பேஸ்மேக்கர் மேல் விரலால் மெதுவாகத் தட்டுவார். துடிப்பு ஏறும். வராந்தாவில் வேகமாக நடக்கச் சொல்வார். அப்போதும் ஏறும். மெஷின் நன்றாக வேலை செய்கிறது என்று அனுப்பிவிடுவார். அவர் மேல் தப்பில்லை. அவருக்குத் தெரிந்ததை வைத்துத்தானே அவர் பார்க்க முடியும்?

ஆடி முடிய இரண்டு வாரம் இருந்தது. ஒரு சாயங்காலம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக வீட்டுக்கு வந்தேன். காற்றுச் சத்தத்தில் நான் வந்தது அம்மாவுக்குக் கேட்கவில்லை. அடுப்படியில் அரிசி களைந்துகொண்டே ஜெபித்துக்கொண்டிருந்தார். சபையில் ஜெபிக்கிற தமிழ் அல்ல அது. வீட்டுப் பெரியவரிடம் முறையிடுவதைப்போல் இருந்தது.

“ஏனுங்க ஆண்டவரே, இந்தப் புள்ளையப் பாக்கறீங்களா இல்லீங்களா? கடைக்கு நடந்து போனா எனக்கு முன்னால போறா. சைக்கிள்ல வந்தா மட்டும் ஒதடு வெளுத்துப்போவுது, பேச்சு வரமாட்டேங்குது. இட்டேரியில குலுங்கிக்கிட்டு வந்தாக்கூடப் பரவால்லீங்க. புதுசாப் போட்ட தார் ரோட்டுல வந்தாத்தான் ரொம்ப மோசம். நல்ல ரோட்டுல வந்தா எதுக்குங்க மோசமாகோணும்? எனக்கு வெளங்கலீங்க. நீங்கதான் ஒரு வழி பண்ணோணும்.”

நான் அப்படியே நின்றுவிட்டேன். வேலிகளுக்கு நடுவே போகும் மேடும் பள்ளமுமான மண்பாதைதான் இட்டேரி. அதில் உடம்பு குலுங்கும். என் பேஸ்மேக்கர் உணர்வது அந்தக் குலுக்கலைத்தான். நடந்தால் நெஞ்சு அசைகிறது. வழவழப்பான தார் ரோட்டில் சீட்டில் உட்கார்ந்து மிதிக்கும்போது கால்கள்தான் பாடுபடுகின்றன, நெஞ்சு அசைவதில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அது நினைத்துக்கொள்கிறது. நான் எதிர்காற்றில் போராட, என் இதயம் ஓய்வெடுக்கிற வேகத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது.

“அம்மா, ஆண்டவர்கிட்டச் சொன்னதை அப்படியே டாக்டர்கிட்டச் சொல்லுங்க” என்றேன்.

அம்மா திடுக்கிட்டார். “ஐயோ, அவரு என்ன நெனைப்பாரு கண்ணு?”

“ஆண்டவர் ஒண்ணும் நெனைக்கலியே?”

அடுத்த சனிக்கிழமை டாக்டர் முன்னால் அம்மா எழுந்து நின்றார். “நல்லா…” என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். கண் கலங்கியது. பிறகு ஒன்று விடாமல் சொன்னார். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

“அந்த ரோட்டைப் பத்தி இன்னொரு தடவை சொல்லுங்கம்மா.”

அன்றே உடற்பயிற்சி சைக்கிளில் என்னை ஏற்றி, நெஞ்சில் வயர் ஒட்டி, மிதிக்கச் சொன்னார்கள். மூச்சு முட்டியது. திரையில் துடிப்பு எழுபதை விட்டு நகரவே இல்லை. “பாவம், நீங்க சும்மா உக்காந்திருக்கறதா இது நெனைச்சுக்கிச்சு” என்றார் டாக்டர். என் நெஞ்சின்மேல் ஒரு கருவியை வைத்து, சின்ன அசைவையும் பேஸ்மேக்கர் கணக்கில் எடுக்கும்படி மாற்றினார். கத்தி இல்லை, ரத்தம் இல்லை. மறுபடி மிதித்தேன். எழுபது எண்பதாகி, நூறைத் தாண்டியது. என் நெஞ்சுக்குள் காற்று வந்தது. நான் அழுததைப் பார்த்து நர்ஸ் பயந்துவிட்டார்.

ஆனால் திரும்பி வந்த டவுன் பஸ் குலுங்கிய குலுக்கலில், உட்கார்ந்த இடத்திலேயே என் இதயம் ஓட்டப்பந்தயம் ஓட ஆரம்பித்துவிட்டது. முன்பென்றால் அம்மா அதை மறைத்திருப்பார். மறுபடி போனபோது யாரும் கேட்பதற்கு முன்னால், “சைக்கிளுக்கு ஆவுதுங்க டாக்டர், பஸ்ஸுக்கு ஆகலீங்க” என்றார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அசைவை உணரும் அளவை ஒரு படி குறைத்தார். உணர்ந்தபின் துடிப்பு ஏறும் வேகத்தை மட்டும் அப்படியே வைத்தார். இந்த முறை பஸ் குலுங்கியும் இதயம் ஓடவில்லை.

திங்கட்கிழமை அதே தார் ரோட்டில் மிதித்தேன். காற்று அன்றைக்கும் குறையவில்லை. வேப்பமரம் வந்தது, போயிற்று. இறங்கவில்லை. ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். பேசிக்கொண்டே மிதிக்க என்னால் முடிந்தது! அன்றைக்கு மூன்று மில்லும் போய் வந்தேன். ஆவணி பிறந்தது. முதலாளி ஆபீஸ் நாற்காலியைப் பற்றிப் பேசவே இல்லை.

சபையாரே, அந்த அடுப்படி ஜெபத்துக்குக் கிடைத்த பதிலைத்தான் இன்று நான் அனுபவிக்கிறேன். அம்மா அழகாக ஜெபிக்கவில்லை. தான் கண்டதை, தனக்குப் புரியாததையும் சேர்த்து, ஆண்டவரிடம் வைத்தார். அதைக் கேட்டவர் என்னையும் கேட்க வைத்தார், டாக்டரின் அறிவையும் ஆசீர்வதித்தார். அதற்குப்பின் என் ஜெபமும் மாறிவிட்டது. எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொண்டேன்.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். மேடேறும்போது இன்னும் பின்தங்குகிறேன். மலைப்பாதையில் ஒருநாள் நிற்காமல் ஏறவேண்டும் என்ற ஏக்கம் இருக்கிறது. அதையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களில் யாருக்காவது வெளியே சொல்லமுடியாத ஒரு குறை இருந்தால், இன்றைக்கே ஆண்டவரிடம் போய், நல்ல வார்த்தை தேடாமல் அதைச் சொல்லிவிடுங்கள். நாம் குறை சொல்வதால் அவர் மனம் கோணுவதில்லை. இன்னும் கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்கிறார்.